வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் யாரும் பதறுவதில்லை. பக்கத்து சீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று நீளும், அவ்வளவுதான். நாகலூர்ப் பக்கத்துக் காபித் தோட்ட வீடுகளிலும் வயிற்று வலிக்கு ஒரு பழகிய வரிசை உண்டு. முதலில் ஓமத் தண்ணீர், அப்புறம் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம், அதற்கும் கேட்காவிட்டால் தொக்கம் எடுப்பவர் வீடு. அநேகப் பிள்ளைகளுக்கு இதற்குள் சரியாகியும் விடும்.

சோடியம் வால்ப்ரோயேட் என்ற ஃபிட்ஸ் மருந்தைக் குடித்துவரும் பிள்ளைக்கு இந்த வரிசை பொருந்தாது. அந்தப் பிள்ளையின் வயிற்று வலி, அபூர்வமாக, கணைய அழற்சியாக இருக்கலாம். அப்படி இருந்தால் மலை மேல் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

எந்த மருந்து, என்ன ஆபத்து

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. செரிமான நீரும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. அது வீங்கினால் அதன் நீரே அதை அரிக்கத் தொடங்கும். வலிப்பு மருந்துகளில் இதற்கு முக்கியமாகப் பெயர் அடிபடுவது வால்ப்ரோயேட். கார்பமசெபின் போன்றவற்றிலும் எப்போதாவது நேர்ந்ததுண்டு.

வால்ப்ரோயேட் நல்ல மருந்து, இதில் சந்தேகம் வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிளில் பியர் எமார் என்ற ஆய்வாளர் வேறு பொருள்களைக் கரைக்க இதை வெறும் கரைப்பானாகப் பயன்படுத்தினார். கரைப்பானே வலிப்பை அடக்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது, 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே, 1979இல், கனடாவின் குழந்தை மருத்துவர்களான பீட்டர் கேம்ஃபீல்டும் கேரல் கேம்ஃபீல்டும் சக மருத்துவர்களோடு சேர்ந்து, இந்த மருந்தால் கணையம் வீங்குவதைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். நேர்வுகள் சேர்ந்துகொண்டே போயின. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருந்துத் தாளின் தலைப்பிலேயே கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையில் கணைய அழற்சியையும் சேர்த்தது.

எவ்வளவு அபூர்வம்? அந்த அமெரிக்கத் தாளில் உள்ள கணக்கு: சோதனைகளில் மருந்து எடுத்த 2,416 பேரில், வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாத கணைய அழற்சி 2 பேருக்கு. பயந்து மருந்தைக் குப்பையில் போட இந்த எண் காரணமாகாது. ஆனால் அதே தாள் இன்னொன்றும் சொல்கிறது: மருந்து தொடங்கிய சில நாளிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம், சிலருக்கு மளமளவென்று முற்றி உயிரையே பறித்திருக்கிறது. “மூணு வருஷமா இதே மருந்துதான், ஒண்ணும் ஆகலையே” என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது. மருந்தின் அளவு குறைவு என்பதும் அப்படியே. இது அளவைப் பொறுத்து வருகிற விளைவு இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைகள், மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டாம் வகைப் பிள்ளைகளில் பலரால் வலியைச் சொல்லவும் முடியாது.

பாட்டிலைப் புரட்டிப் பார்த்தல்

வால்ப்ரோயேட் பல பெயர்களில் கிடைக்கிறது. வால்பாரின், என்கோரேட் இரண்டும் அதுதான். டைவால்ப்ரோயெக்ஸ் என்ற பெயரில் வரும் டிகோரேட், டிவா போன்றவையும் அதே குடும்பம். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்காது, ‘சோடியம் வால்ப்ரோயேட்’ என்றே அச்சிட்டிருக்கும். தனியார் மருத்துவர் எழுதிய வால்பாரினையும் அரசு மருத்துவமனை மாத்திரையையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிட இடமிருக்கிறது. சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் மருந்தாளுநரிடம் காட்ட வேண்டும்.

லெவிபில், எப்டாயின், டெக்ரிடால், ஃப்ரிஸியம் ஆகியவை வால்ப்ரோயேட் அல்ல. அவற்றை மட்டும் குடிக்கும் பிள்ளைக்கும் விடாத வயிற்று வலி வந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். கணையத்தைப் பற்றிய சந்தேகம் அங்கே அவ்வளவு முன்னால் நிற்காது.

பிள்ளை நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை

மலையில் பாதி வைத்தியம் இதில்தான் இருக்கிறது. நாகலூரிலிருந்து ஏற்காடு டவுனுக்கு வந்து, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் இறங்கினால்தான் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரவில் பனிமூட்டம், நடுவழியில் காட்டெருமை. மழைக்காலத்தில் பாதையே இல்லாமலும் போகலாம்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

1. ஒரு தபால் கார்டு அளவு அட்டையில் எழுதுங்கள்: பிள்ளையின் வயது, எடை, மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. அல்லது எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசியாக எப்போது அளவு கூட்டியது, வேறு என்ன மருந்து.
2. அதே அட்டையின் பின்பக்கம் மருத்துவரின் எண், 108, மருத்துவ ஆலோசனைக்கான 104. வீட்டில் எந்த மூலையில் டவர் கிடைக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
3. இரவில் ஜீப்போ காரோ எடுத்து வரக்கூடிய இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர்.
4. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள். மருந்து குடித்த உடனே வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா? வயிற்று வலி நாளில் அடுத்த வேளை மருந்தை என்ன செய்வது? வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்கும் மிடஸோலம் ஸ்ப்ரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
5. சிரப்பை அளக்க பாட்டிலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ மட்டுமே. 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள சிரப்பில் 1 மி.லி. கூடினாலே 40 மி.கி. கூடிவிடும். சமையலறைக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு.

குறிப்பு: ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாதாமாதம் கணைய ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி மருத்துவரை நச்சரிப்பதில் பயனில்லை. வால்ப்ரோயேட் குடிப்பவர்களில் சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே ரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதி கொஞ்சம் உயர்ந்திருக்கும். நோய் வரப்போவதை அது முன்கூட்டிச் சொல்லாது. அறிகுறி வரும் நாளில் எடுப்பதே பயன்.

எது சாதாரணம், எது சந்தேகம்

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் லேசான குமட்டல் வரும். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அது பெரும்பாலும் அடங்கும். வளைவில் வந்த வாந்தி வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் காற்றாட உட்கார்ந்தால் நிற்கும், பிள்ளை பிஸ்கட் கேட்கும்.

கணைய வலி இறங்கி உட்கார்ந்தாலும் நிற்காது. மேல் வயிற்றில், தொப்புளுக்கு மேலே தொடங்கும், சில பிள்ளைகளுக்கு முதுகு வரை போகும். மல்லாக்கப் படுத்தால் கூடும், முன்னால் குனிந்து முழங்காலை மடக்கிக்கொண்டால் சற்றுக் குறையும். கூடவே வாந்தி. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காய்ச்சலும் இருக்கலாம்.

பேசத் தெரியாத பிள்ளையிடம் இத்தனையும் தெரியாது. தூக்கினால் அழுகை கூடுவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, விளையாட்டை விட்டுவிட்டுச் சுருண்டு கிடப்பது, வழக்கமான தொடுதலைக்கூடத் தட்டிவிடுவது. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையின் தாய் “இன்னைக்கு இவன் சரியா இல்லை” என்று சொன்னால், அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவளைவிட நுட்பமான கருவி மலை மேல் கிடையாது.

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108:

- பிள்ளை மயங்கி மயங்கித் தூங்குவது, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாதது
- வயிறு கல்லாக இறுகுவது, தொப்புளைச் சுற்றியோ விலாப் பக்கமோ நீலம் பாரிப்பது
- கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, மணிக்கணக்கில் சிறுநீர் போகாதது
- கண் மஞ்சளாவது
- அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வருவது

வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் இதே மருந்தால் கல்லீரல் பாதித்திருக்கலாம், ரத்தத்தில் அம்மோனியா கூடியிருக்கலாம். எதுவென்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். மூன்றுக்கும் போக வேண்டிய இடம் ஒன்றே.

வலி வந்த அன்று: வரிசை

1. மணியைப் பாருங்கள். வலி எப்போது தொடங்கியது, எத்தனை வாந்தி, வாந்தியில் என்ன நிறம், கடைசி வேளை மருந்து எப்போது என்று அட்டையில் குறியுங்கள்.
2. வலி விடாமல் இருக்கிறது, கூடவே வாந்தியும் வருகிறது என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 104. விடியட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.
3. அடுத்த வேளை வால்ப்ரோயேட் நேரத்துக்கு முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். கொடுப்பதா, நிறுத்திவைப்பதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மற்ற வலிப்பு மருந்துகள் இருந்தால் அவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.
4. சாப்பாடு வற்புறுத்தக் கூடாது. தாகம் என்றால் ஒவ்வொரு வாயாகத் தண்ணீர். அதையும் கக்கினால் நிறுத்திவிடுங்கள்.
5. வலி மாத்திரை எதுவும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் எக்காரணத்துக்கும் கூடாது.
6. மருந்து பாட்டில், அட்டை, பழைய சீட்டுகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கிளம்புங்கள்.
7. வண்டியில் பிள்ளையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாது. இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து இறக்க வேண்டாம், வழியில் வலிப்பு வந்தால் பிடிக்க முடியாது.

மழையில் மண் சரிந்த நாளாக இருந்தால், கிளம்பும் முன் 108இல் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் பாதையும் இருக்கிறது. ஆனால் பெருமழையில் அதையும் நம்பிவிட முடியாது. இறங்க வழியில்லை என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனையில் சேர்த்து டிரிப்பாவது ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் உடம்பில் நீர் வற்றாமல் காப்பது இந்த நோயில் பெரிய வைத்தியம்.

போனில் என்ன சொல்வது

“டாக்டர், பிள்ளைக்கு வயிறு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் “ஓ.ஆர்.எஸ். கொடுங்க, காலையில கூட்டிட்டு வாங்க” என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். தவறு மருத்துவர் மேல் இல்லை. மருந்தின் பெயர் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். மாதிரிக்கு:

“டாக்டர், பையனுக்கு ஏழு வயசு, இருபது கிலோ. ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் சிரப் அஞ்சு மில்லி ரெண்டு வேளை, எட்டு மாசமா குடிக்கிறான். மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து மேல் வயித்துல விடாத வலி, நாலு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த டோஸ். கணையத்துக்குப் பார்க்கணுமா டாக்டர்? நாங்க நாகலூர்ல இருக்கோம், இப்பவே கிளம்பவா?”

கடைசி இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேட்க வேண்டும். மலை மேல் இருப்பதைச் சொன்னால்தான் எதிர்முனையில் இருப்பவர் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மோசமான தவறு, பக்கவிளைவு என்ற சொல்லைக் கேட்டதும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம், விட்டு விட்டு இல்லாமல் தொடர்ச்சியாகவே வரலாம். அதுவும் உயிருக்கு ஆபத்து. கணைய அழற்சி உறுதியானால் மருத்துவமனையிலும் வால்ப்ரோயேட்டை உடனே நிறுத்தத்தான் செய்வார்கள். அங்கே வேறு வலிப்பு மருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்டு நிறுத்துவார்கள், வித்தியாசம் அதில்தான்.

அடுத்தது தொக்கம். எடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம், பிள்ளையைத் தடவிக் கொடுப்பதால் கொஞ்சம் ஆறுதலும் கிடைக்கலாம். போய்வர ஆகும் நேரம்தான் சிக்கல். வீங்கிய கணையத்தின் மேல் எண்ணெய் போட்டு வயிற்றை அழுத்திக் குடலேற்றம் எடுப்பது அதைவிடக் கெடுதல்.

மூன்றாவது, சாப்பாட்டின் மேல் பழி போடுவது. “நேத்து பலாப்பழம் தின்னான்”, “மரவள்ளிக்கிழங்கு சேரலை” என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால் வீடு நிம்மதியாகிவிடும். சேலம் மாவட்டம் ஜவ்வரிசிக்குப் பேர் போனது என்பதால் மரவள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னிந்தியாவில், முக்கியமாகக் கேரளத்தில், கணையத்தில் கல் சேரும் நாள்பட்ட நோய் ஒன்று உண்டு. அதற்கு மரவள்ளியின் சயனைடு காரணமாகலாம் என்று மக்மில்லனும் கீவர்கீஸும் 1979இல், கேம்ஃபீல்டுகள் எழுதிய அதே ஆண்டில், ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. பிள்ளையின் இன்றைய வலிக்கும் நேற்றைய கிழங்குக்கும் முடிச்சுப் போட்டு நேரத்தைக் கழிக்க அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கும் கணையம் வீங்கலாம். சைக்கிள் கைப்பிடி வயிற்றில் குத்தினாலும் வீங்கலாம். கடந்த சில நாளில் கன்னம் வீங்கியதா, விழுந்ததா, வயிற்றில் அடிபட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்துதான் காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் அவர்கள் இவற்றையெல்லாம் விலக்கிப் பார்ப்பார்கள்.

மருத்துவமனையில்

கேஷுவாலிட்டியில் ஓ.பி. சீட்டு போடும்போதே “வால்ப்ரோயேட் குடிக்கிற பிள்ளை” என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனையின் பெயர் லைபேஸ். அமைலேஸும் எடுப்பார்கள், ஆனால் அது சீக்கிரம் இறங்கிவிடும், வேறு காரணங்களாலும் ஏறும். அமைலேஸ் சரியாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்தே கணையத்தில் கோளாறு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல்: பொருந்தும்படியான வயிற்று வலி, இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம். குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். குடலில் காற்று நிறைந்திருந்தால் அதில் கணையம் சரியாகத் தெரியாது. கூடவே கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை, கால்சியம், டிரைகிளிசரைடு பார்ப்பார்கள். பிள்ளை மந்தமாக இருந்தால் அம்மோனியாவும்.

சிகிச்சை என்பது டிரிப், வலிக்கு ஊசி, வால்ப்ரோயேட் நிறுத்தம், வேறு வலிப்பு மருந்து. முறிவு மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது. பல நாள் பட்டினி போட்டு வைப்பது பழைய வழக்கம். இப்போது வாந்தி நின்று பிள்ளை தாங்கினால் சீக்கிரமே உணவு தொடங்குகிறார்கள். “இன்னும் வலிக்குதுன்னு சொல்றான், அதுக்குள்ள கஞ்சியா?” என்று பதற வேண்டாம். எப்போது, எவ்வளவு என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பின்

1. மீதியுள்ள வால்ப்ரோயேட் பாட்டிலை வீட்டில் வைக்காதீர்கள். புது மருந்து தீர்ந்த நாளில் பாட்டி பழைய பாட்டிலைத் திறந்துவிடுவார்.
2. அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள்: ‘வால்ப்ரோயேட் ஒத்துக்கொள்ளாது, கணைய அழற்சி வந்தது’, மாதமும் ஆண்டும். திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்த நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன.
3. டைவால்ப்ரோயெக்ஸும் அதில் அடக்கம். இதே மருந்தை ஒற்றைத் தலைவலிக்கும் மனநலச் சிகிச்சைக்கும் எழுதுவார்கள். பிள்ளை வளர்ந்து 20 வயதில் தலைவலிக்காக வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த அட்டை கையில் இருக்க வேண்டும்.
4. புது மருந்தின் அளவைச் சில வாரங்களில் மாற்ற வேண்டியிருக்கும். இந்த நாட்களில் மரம் ஏறுவது, கிணற்றில் குளிப்பது, தனியாக அடுப்பருகே நிற்பது வேண்டாம்.
5. சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போங்கள். வலி நின்ற பிறகும் சிலருக்குக் கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி சேரும்.
6. பக்கவிளைவைப் பதிவு செய்யுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது, அதன் கட்டணமில்லா எண் 1800-180-3024. பெற்றோரே பதிவு செய்யலாம், நோயாளிகளுக்கென்று தனிப் படிவம் தமிழிலும் உண்டு. மருந்தின் பெயர், பாட்டிலில் உள்ள தொகுதி எண், தொடங்கிய தேதி, வலி வந்த தேதி, என்ன ஆனது ஆகியவற்றைக் கேட்பார்கள். பாட்டிலை அப்புறப்படுத்தும் முன் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இவற்றில் பாதி அதிலேயே இருக்கும்.